ஐரேசிங்: புதியவருக்கு முதல் வளைவிலேயே தொடங்கும் பாடம்

கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் ஆசையோடு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த ஸ்டீயரிங் வாங்கலாம் என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். இணையத்தின் வழியே மற்றவர்களோடு கார்ப் பந்தயம் ஓட்டவைக்கும் ஐரேசிங் என்ற சேவையின் சந்தாவில் மூன்று மாதங்கள் ஓட்டிய பிறகு, அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றுகிறது. யாரோடு, எந்த விதிகளின்கீழ் ஓட்டப்போகிறோம் என்பதே தொடக்க வாரங்களின் சுகதுக்கத்தைத் தீர்மானிக்கிறது. இந்தச் சேவையை நான் மெச்சுவதும், சில நாள்களில் இதன்மீது எரிச்சல் கொள்வதும் அந்த விதிகளால்தான்.

2008ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஐரேசிங், விண்டோஸ் கணினியில் ஓடுகிறது. விளையாட்டுக் கன்சோல்களில் இது கிடைக்காது. இதன் தடங்களில் மிகப் பெரும்பாலானவை உண்மைத் தடங்களை லேசர் கருவியால் அளந்து உருவாக்கப்பட்டவை என்பதால், சாலையின் மேடுபள்ளம்கூட ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரிகிறது. எனினும் புதியவருக்கு அதைவிடப் பயன்படுவது, குறித்த நேரங்களில் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும் பந்தயங்கள்தான். நண்பர்களைத் திரட்ட வேண்டியதில்லை; பெயரைப் பதிந்தால் போதும். அந்தப் பெயரும் புனைபெயராக இல்லாமல் சொந்தப் பெயராகவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இடித்துவிட்டு முகம் காட்டாமல் நழுவ முடியாது என்ற கூச்சம் பலரை அடக்கி வைக்கிறது என்றே நினைக்கிறேன்.

சேர்ந்தவுடன் ரூக்கி என்ற கடைநிலை லைசென்ஸ் கிடைக்கும். அதற்கு மேலே டி, சி, பி, ஏ என்று படிகள் உள்ளன. படியேற உதவுவது சேஃப்டி ரேட்டிங் எனப்படும் பாதுகாப்பு மதிப்பெண், அது 2.50இல் தொடங்குகிறது. வெற்றி தோல்வியைக் கணக்கிடும் ஐரேட்டிங் என்ற எண் தனியாக இருக்கிறது. உங்களோடு ஒத்த வேகம் உள்ளவர்களை ஒரே பந்தயத்தில் சேர்ப்பதற்கு அது பயன்படுகிறது. சேஃப்டி ரேட்டிங்கோ ஒரு தவறுக்கும் அடுத்த தவறுக்கும் இடையே எத்தனை வளைவுகளைக் கடந்தீர்கள் என்பதை மட்டும் பார்க்கிறது. நான்கு சக்கரமும் தடத்தைவிட்டு வெளியேறினால் ஒரு தவறுப் புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் இரண்டு, மற்றொரு காரோடு பலமாக மோதினால் நான்கு. தார்ச் சாலைப் பந்தயங்களில் கணக்கு இதுதான்.

அந்த நான்கு புள்ளிகள்தான் புதியவரின் வயிற்றெரிச்சல். மோதியவருக்கும் நான்கு, மோதப்பட்டவருக்கும் நான்கு. தவறு யாருடையது என்று கணினி விசாரிப்பதே இல்லை. லைம் ராக் என்ற அமெரிக்கத் தடத்தில், மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் நான் கலந்துகொண்ட முதல் பந்தயத்தைச் சொல்கிறேன். தடத்தின் நீளம் 2.4 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம், ஒரே ஒரு வளைவைத் தவிர மற்றவை எல்லாம் வலப்பக்கம் திரும்புபவை. நீண்ட நேர்பாதையின் முடிவில் பிக் பெண்ட் என்ற முதல் வளைவு. பயிற்சியில் எங்கே பிரேக் பிடித்தேனோ, பந்தயத்திலும் அதே இடத்தில் பிடித்தேன். டயர்கள் இன்னும் சூடேறவில்லை என்பதும், முன்னால் செல்பவர்கள் நெரிசலால் முன்கூட்டியே வேகம் குறைப்பார்கள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. பிரேக் பிடிக்கையில் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத காரில் அவை பூட்டிக்கொள்ள, நேரே போய் ஒருவரின் பின்புறத்தில் மோதினேன். அவர் சுழன்றார், அவருக்கும் நான்கு புள்ளிகள். அடுத்த வாரம் அதே வளைவில் அவருடைய நிலைமையில் நான் இருந்தேன்.

முதலில் அநியாயமாகப் பட்ட இந்த விதியை இப்போது ஆதரிக்கிறேன். பழி யாருடையது என்று பார்க்காததால், தப்பிக்கும் பொறுப்பு இருவர்மீதும் விழுகிறது. பின்னால் வருபவர் தடுமாறுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்து, அரை கார் அகலம் ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் தானாகவே வருகிறது. விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று வீட்டில் சொல்வது பந்தயத்துக்குப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டுமென்றே இடிப்பவர்கள்மீது ரீப்ளே காட்சியோடு புகார் அளிக்கவும் வழி இருக்கிறது.

யாரும் எடுத்துச் சொல்லாமல் நான் தாமதமாகக் கற்ற இரண்டு செய்திகள் உண்டு. சுழன்றுவிட்டால் பிரேக்கை அழுத்தியபடியே நிற்க வேண்டும். காரை உருளவிட்டால் உங்களைத் தவிர்க்க முயல்பவரின் வழியிலேயே போய்ச் சேர்வீர்கள். மறுபடி தடத்தில் ஏறும் முன் எஃப்3 விசையை அழுத்தி, அருகில் வரும் கார்கள் எத்தனை நொடி தூரத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

கருவிகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பல் சக்கரத்தால் இயங்கும் எளிய ஸ்டீயரிங்கே ரூக்கி நிலைக்குப் போதும். மோட்டார் அச்சிலேயே நேரடியாகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் வகை இன்பமானது, அவசியமானது அன்று. கூடுதல் பணம் இருந்தால் பெடலுக்குச் செலவிடலாம். கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதற்குப் பதிலாக எவ்வளவு பலத்தோடு அழுத்தியது என்பதை அளக்கும் லோட் செல் பிரேக், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்க உதவும். அதற்கும் முன்னால் நாற்காலியைக் கவனியுங்கள். என்னுடையது சக்கரம் வைத்த நாற்காலி. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கார் நிற்காமல் நான்தான் பின்னோக்கிப் போனேன். சக்கரங்களைப் பழைய காலணிகளுக்குள் இறக்கி வைத்த பிறகே அந்தக் கூத்து முடிந்தது.

செலவுதான் இந்தச் சேவையின் பலவீனம். சந்தா கட்டினால் அடிப்படைக் கார்களும் தடங்களும் கிடைக்கும். ரூக்கி தொடர்களுக்கு அவையே போதும். மேலே ஏற ஏற ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கியவை உங்கள் கணக்கில் நிலைத்திருந்தாலும், சந்தா முடிந்துவிட்டால் அவற்றைத் தொட முடியாது. ஒரு பருவத்துக்கு 12 வாரங்கள், பெரும்பாலான தொடர்களில் வாரத்துக்கு ஒரு தடம் என்று அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும். அதைப் பார்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களில் வரும் தடங்களை மட்டும் வாங்குவது கைக்கு அடக்கமாக இருக்கும். கண்ணைக் கவரும் காரைக் கண்டவுடன் வாங்கியதில் ஒன்று இன்னும் என் கணக்கில் சும்மா நிற்கிறது.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாதவர்களுக்கும், தனியாகப் பல கார்களை ஓட்டிப் பார்த்து மகிழ விரும்புபவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை பணம் கொடுத்து வாங்கும் அசெட்டோ கோர்சா போன்ற விளையாட்டு அவர்களுக்குத் தோதாக இருக்கும். மற்றவர்கள் ஆண்டுச் சந்தாவுக்குத் தாவாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம். முதல் பத்துப் பந்தயங்களில், கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றைத் தவிர்த்து, கடைசி இடத்திலிருந்து கிளம்புங்கள். நான் அப்படிக் கிளம்பிய ஒரு பந்தயத்தில், பிக் பெண்டில் ஐந்து கார்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்க, புல்லோரமாக மெல்ல ஒதுங்கிக் கடந்தேன். ஒரு புள்ளிகூட வாங்காமல் ஆறாவதாக முடித்தேன். அன்று நான் யாரையும் முந்தவே இல்லை.