மருத்துவக் கட்டுரை எழுத ஏஐ: வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

ஏஐ செயலியின் சந்தா விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று தண்டையார்பேட்டையில் இருக்கும் தோழி கேட்டாள். எம்.டி. படிக்கிறாள், முதல் பேப்பர், அதாவது ஜர்னலுக்கான ஆய்வுக் கட்டுரை, எழுத வேண்டும். போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். ஏஐ செயலி என்னென்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

முதலில் நல்லது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து டாக்டரானவர்கள் வட சென்னையில் நிறைய. நோயாளியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. இங்கிலீஷ் திருத்தித் தரும் கம்பெனிகளோ டாலரில் கேட்கும். டூட்டி முடித்து ராத்திரி எழுத உட்காரும் ஒருவருக்கு இந்தச் செயலி பெரிய துணை. கட்டுரையின் நீண்ட சுருக்கத்தை 250 சொல்லுக்குள் கொண்டுவருவது, ஜர்னலுக்குக் கட்டுரையோடு அனுப்பும் கவர் லெட்டர், கட்டுரையை மதிப்பிட்டுக் கோபமாகக் கேள்வி கேட்ட ரிவ்யூவருக்குப் பணிவான பதில் எல்லாம் அருமையாக வரும். இதற்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

ஆனால் ஒரு குணம் மட்டும் மாறவே இல்லை. இல்லாத ரெஃபரன்ஸை இட்டுக்கட்டுவதைச் சொல்லவில்லை. அது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடினால் மாட்டிக்கொள்ளும். மொழியை மட்டும் திருத்து என்று சொன்னாலும், நாம் சொல்ல வந்ததைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்லிவிடுகிறது. இது தேடினாலும் சிக்காது.

உதாரணத்துக்கு, வட சென்னையில் ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்துப் பிள்ளைகளின் இருமல் பற்றி நாங்கள் எழுதிய ஒரு வரைவு. ஆலைக்குப் பக்கத்தில் வீடு இருப்பதற்கும் இருமலுக்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் காரணம் அதுதான் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தோம். வீட்டையும் நோயையும் ஒரே நேரத்தில் விசாரித்துப் பதிவு செய்யும் ஆய்வில் எது முந்தி, எது பிந்தி என்று தெரியாது. அப்பாவின் பீடிப் புகை, விறகடுப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். திரும்பி வந்த பத்தியில், ஆலைப் புகையால் இருமல் வருகிறது என்று இருந்தது. எண்கள் அப்படியே இருந்தன. தயக்கம் மட்டும் போய்விட்டது.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததையும் அனுபவித்த பகுதி இது. ஆலைகள் மீது வழக்கு என்று வந்தால், இங்கிருந்து போகும் கட்டுரையை எதிர்த்தரப்பு வக்கீல் வரிவரியாகப் படிப்பார். ஒரு வரி அளவு மீறியிருந்தால் அதைக் காட்டியே மொத்தக் கட்டுரையையும் ஒதுக்க வைத்துவிடலாம். நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, அந்த வரிக்கு யார் பொறுப்பு? சாட்ஜிபிடியை ஆசிரியர் வரிசையில் போட்டே சில கட்டுரைகள் வந்திருந்தன. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ. 2023 மே மாதம் அது கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர்கள் விதிப்படி ஆசிரியராக நான்கு தகுதி வேண்டும். 2013இல் சேர்த்த நான்காவது, கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்பது. செயலியைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? அதே கணக்கில், ஒரு வரிகூடப் படிக்காமல் பெயர் சேர்த்துக்கொள்ளும் துறைத் தலைவருக்கும் அந்த இடம் கிடையாது.

ஏஐ பயன்படுத்தியதைக் கவர் லெட்டரிலும் கட்டுரையிலும் சொல்ல வேண்டும். எழுத்து உதவி என்றால் நன்றியுரையில், தரவு அலசல் என்றால் செய்முறைப் பகுதியில். சொன்னால் ரிஜெக்ட் ஆகிவிடும் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள், கேட்காதே. சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. 2024இல் ஒரு நோயாளியைப் பற்றிய ரேடியாலஜி கேஸ் ரிப்போர்ட்டில், ‘மன்னிக்கவும், நான் ஒரு ஏஐ மொழி மாதிரி’ என்ற பொருளில் செயலி சொன்ன பதில் அப்படியே அச்சாகி, கடைசியில் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். அப்புறம், நோயாளியின் பெயர், ஸ்கேன் எதையும் அதில் ஏற்றாதே.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில், இப்போதைக்கு வாங்காதே. நானும் இந்த மாதம் புதுப்பிக்கவில்லை. கோபம் ஆறினால் புதுப்பித்துவிடுவேன் என்றே நினைக்கிறேன். உன் முதல் பேப்பரில், முடிவுகளுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் விவாதப் பகுதியை நீயே எழுது. இங்கிலீஷ் தப்பாக இருந்தால் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்கு எடுத்து வா, உட்கார்ந்து திருத்தலாம்.