ஜிபூட்டியா, எரித்ரியாவா: செங்கடல் ஓரத்துல யார் கை ஓங்குது?

ரெண்டுமே ஆப்பிரிக்காவுல பக்கத்துப் பக்கத்து நாடுங்க, மேப்ப வச்சு மட்டும் பாத்தா எரித்ரியாதான் எங்கயோ போயிருக்கணும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல செங்கடல் கரை, மசாவா, அசாப்னு ரெண்டு துறைமுகம், டஹ்லக் தீவுக்கூட்டம், மேட்டுல ஏறிப்போனா 2,300 மீட்டர் உயரத்துல தலைநகர் அஸ்மாரா. ஜிபூட்டி மொத்தமே சுமார் 23,000 சதுர கிலோமீட்டர்தான், வருஷம் பூரா ஓடற ஆறுகூட கிடையாது, கல்லும் வெயிலும், கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழ கிடக்கற அசல்ங்கற பேருள்ள உப்பு ஏரியும்தான்.

ஆனா சூயஸ் போற கப்பலெல்லாம் நுழையற பாப் எல் மண்டேப் ஜலசந்தி ஜிபூட்டி வாசல்லயே இருக்கு. அசாப்பும் அங்கேருந்து ரொம்ப தூரமில்ல, இப்ப கடற்கரையே இல்லாத பக்கத்து நாடு எத்தியோப்பியாவோட சரக்கெல்லாம் ஒரு காலத்துல அசாப் வழியாத்தான் அதிகமா போச்சு, 1998ல எத்தியோப்பியாவுக்கும் எரித்ரியாவுக்கும் எல்லைச் சண்டை வந்துச்சு, அந்த வியாபாரம் அப்படியே ஜிபூட்டி பக்கம் திரும்பிடுச்சு. இப்ப எத்தியோப்பியாவோட கடல் வணிகத்துல 90 சதவீதத்துக்கு மேல ஜிபூட்டி வழியாத்தான், அதோட தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு 750 கிலோமீட்டர் எலக்ட்ரிக் ரயிலும் ஓடுது.

நெட் விஷயத்துல ஒப்பிடவே முடியாது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கற கடலடி கேபிள்கள்ல பல ஜிபூட்டியில கரையேறுது. அதுல ரிஸ்க்கும் இருக்கு, 2024 பிப்ரவரியில ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹூத்திகள் அடிச்ச ரூபிமார் கப்பல் நங்கூரத்த இழுத்துக்கிட்டே மிதந்துச்சு, அப்ப அந்தக் கடல்ல மூணு கேபிள் அறுந்துச்சு, நங்கூரம் பட்டுத்தான் அறுந்திருக்கும்னு அமெரிக்கா சொல்லுச்சு. இருந்தாலும் எரித்ரியாவுல இந்தக் கவலைக்கே இடமில்ல, அவ்ளோ நீளக் கரையில ஒரு கேபிள்கூட இறங்கல. மொபைல் டேட்டா இல்லாம ஆமை வேகத்துல ஓடற நெட் சென்டர்ல போய் உக்காரணும்.

ராணுவத்துலதான் எனக்கு மனசு கனத்துப் போகுது. ஜிபூட்டி தன்னோட சின்னப் படைய நம்பி இல்ல, இடத்த வாடகைக்கு விடுது. பிரான்ஸ் ஏற்கனவே இருந்துச்சு, அப்புறம் அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி வந்துச்சு, 2017ல சீனா வெளிநாட்டுல தன்னோட முதல் தளத்த அங்கதான் திறந்துச்சு. கேம்ப் லெமோனியேங்கற அமெரிக்கத் தளத்தோட வாடகை மட்டும் வருஷத்துக்கு 6 கோடி டாலருக்கு மேல. எரித்ரியாவுல பன்னெண்டாவது படிக்கணும்னாலே சாவா ராணுவ முகாமுக்குப் போகணும். சட்டப்படி 18 மாசந்தான் சேவை, ஆனா 1998 சண்டைக்கப்புறம் அதுக்கு முடிவே இல்லாம வருஷக்கணக்கா இழுக்குது, அதுக்குப் பயந்துதான் எத்தனையோ பசங்க சூடான் எல்லையத் தாண்டி ஓடறாங்க. ஒரு தலைமுறையோட இருபது வயச அப்படியே பிடுங்கிக்கறது எந்த நாட்டுக்கும் பாதுகாப்பு ஆகாது.

ஜிபூட்டியில எல்லாம் நல்லாருக்குன்னு நான் சொல்லல. அங்க 1999லருந்து ஒரே அதிபர், வாடகைக் காசு சாதாரண ஜனங்க கைக்கு சரியா வந்து சேரல, டெலிகாமும் ரொம்ப நாளா ஒரே அரசு கம்பெனி கையிலதான். ஆனா ரெண்டுல எதுன்னு கேட்டா என் ஓட்டு ஜிபூட்டிக்குத்தான், கதவு திறந்திருக்கு. இப்ப எத்தியோப்பியா மறுபடியும் செங்கடல்ல வழி வேணும்னு கேக்குது. எரித்ரியா அசாப்ப வாடகை பேசித் திறந்துவிட்டாலே போதும், ஜிபூட்டிக்கு நெஜமான போட்டி அன்னைக்குத்தான் வரும்.