நட்சத்திர வீரரை எடுக்க எது வழி: பரிமாற்றமா, ஒப்பந்தம் முடிந்தவரா?

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு மற்ற அணிகள் பேரம் பேசத் தொடங்குவது நியூயோர்க் நேரப்படி யூன் 30 மாலை 6 மணி; கிளிநொச்சியில் அப்போது யூலை 1 அதிகாலை 3.30. விழித்திருந்து செய்தி பார்க்கிற வன்னிப் பெடியள் "எங்கட அணி ஏன் இன்னும் ஒருத்தரையும் எடுக்கேல்லை?" என்று கேட்பார்கள். பதில் பெரும்பாலும் சம்பள உச்சவரம்பில், அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கிற எல்லையில், இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த வீரரை எடுத்தால் பதிலுக்கு ஆள் கொடுக்கத் தேவையில்லை. 2018இல் லெப்ரோன் ஜேம்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு வந்தது இப்படித்தான். ஆனால் வரம்பில் இடம் வேண்டும்: பத்து வருட அனுபவமுள்ளவரின் உச்சச் சம்பளம் வரம்பின் 35 வீதம். இடம் ஒதுக்க மற்றவர்களை விடுவித்த பிறகு அவர் மறுத்தால், விடுவித்தவர்களும் இல்லை, அவரும் இல்லை. பழைய அணி ஐந்து வருட ஒப்பந்தம் நீட்டலாம், புதிய அணி நான்குதான்.

பரிமாற்றத்தில், அதாவது அணிகள் ஒப்பந்தத்தில் உள்ள வீரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது, ஏறத்தாழச் சமமான சம்பளத்தைத் திருப்பி அனுப்பினால், வரம்பு தாண்டிய அணியும் இறங்கலாம். விலைதான் கடுமை. 2019இல் பால் ஜோர்ஜுக்காக கிளிப்பர்ஸ் அணி ஒக்லஹோமா அணிக்குக் கொடுத்தது கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கலினாரி என்ற இரு வீரர்கள், ஐந்து முதற்சுற்றுத் தெரிவுகள் (புதுமுக வீரர்களை அணிகள் வருடந்தோறும் பங்கிடும்போது முதற் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமை), இரண்டு தெரிவு மாற்றுரிமைகள் (தன் தெரிவைக் கிளிப்பர்ஸின் தெரிவோடு மாற்றிக்கொள்ளும் உரிமை). அதே கில்ஜியஸ்-அலெக்சாண்டர்தான் 2025இல் ஒக்லஹோமாவைச் சம்பியனாக்கினார். அடுத்தடுத்த இரு வருடங்கள் முதற்சுற்றுத் தெரிவே இல்லாமல் விற்க விதி விடாது. மாற்றுரிமை இடையில் வருவது அதனால்தான்.

ஒக்லஹோமா போன்ற சிறு நகர அணிக்குப் பரிமாற்றமே சரி. ஆனால் வருகிற வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு வருடமாவது மிச்சமிருக்க வேண்டும். ஒரு வருடம் மிச்சமிருந்த காவாய் லெனார்டை எடுத்த டொரன்டோ 2019இல் கிண்ணம் வென்றது, அதே கோடையில் அவரை இழந்தது.