சத்துவாச்சாரியில் ஒரு குட்டிப் பூங்கா: நிழல் உண்டு, நேரம் சரியில்லை

வேலூரில் காற்று வாங்க இடம் கேட்டால் எல்லோரும் கோட்டையைத்தான் கைகாட்டுவார்கள். ஏறத்தாழ 133 ஏக்கர் பரப்பு, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் என அதன் பெருமை தனி. ஆனால் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து வர நினைக்கும் முதியவர் எவரும் அதற்காகச் சத்துவாச்சாரியிலிருந்து பேருந்து ஏற மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போகும் தொலைவில் அவருக்கு ஓர் இடம் வேண்டும். எங்கள் குடியிருப்புக்கு நடுவே உள்ள பூங்கா அந்த வகையில் நன்றாகவே பயன்படுகிறது.

இரண்டு கிரவுண்டுதானே (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) என்று குறை சொல்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் 1967-இல் திறக்கப்பட்ட பேலி பூங்காவின் பரப்பு 4,200 சதுர அடிதான். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் குறைவு. விருப்பம்போல் நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள், மரநிழல், தெரு இரைச்சலை அமுக்கும் செயற்கை அருவி ஆகியவற்றை வைத்தே அந்த நெருக்கடியான நகரத்தில் ஆட்களை உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் பூங்காவில் நிழலுக்குக் குறைவில்லை. இரண்டு புங்க மரங்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. இருக்கைகள்தாம் பிழையான இடத்தில் இருக்கின்றன. உபயதாரர் பெயர் பொறித்த கடப்பா கல் பலகைகள் வெயில் படும் சுவரோரமாகப் பதிக்கப்பட்டிருப்பதால், மாலை ஐந்து மணிக்கும் நாளிதழை நான்காக மடித்துப் போட்டுத்தான் உட்கார முடிகிறது. பெயர் வாசலிலிருந்து தெரிய வேண்டும் என்பதே காரணமாக இருக்கும்!

அதைவிடப் பெரிய குறை, காலை பத்து மணிக்கே சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் மரநிழல் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான். சுமை இறக்கிவிட்டு வருபவரும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்க, உள்ளே நிழல் ஆளின்றிக் கிடக்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதித் தரப்பட வேண்டும். அந்த நிலம் பொதுமக்களுக்கு உரியது. அதைப் பகலில் பூட்டுவதற்கு நியாயம் ஏதுமில்லை.

துப்புரவு நன்று. உடற்பயிற்சிக் கருவிகள் சுமார். கழிப்பறையும் குடிநீரும் இல்லை. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். பகலிலும் திறந்து, இரண்டு பலகைகளைப் புங்க மரத்தடிக்கு மாற்றினால் தயங்காமல் நான்கு தருவேன்.