சிலிக்கான்னு சொல்லி அக்ரிலிக் அடிச்சுட்டுப் போனாங்க, 18,000 போச்சு: பாத்ரூம் சீலண்ட் போடப் போறவங்க படிங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். வாஷ்பேசின், பாத்டப், கமோடு ஓரத்துக்கெல்லாம் சீலண்ட் (தண்ணி இறங்காம இடுக்கை அடைக்கிற பசை) போட ஆள் கூப்பிடப் போறவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. எந்த இடத்துக்கு எந்த சீலண்ட், எதைப் பார்த்து வாங்கணும்னு கீழே விவரமா சொல்றேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். எங்களுக்குப் போனது 18,000.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஆப் ஒண்ணு. பேர் போடல. ரெண்டு பாத்ரூமுக்கும் எல்லா ஓரமும் சீல் பண்றதுக்குப் பொருளோட சேர்த்து ஒரு பேக்கேஜ் வெச்சிருந்தாங்க. “100% சிலிக்கான், பூஞ்சை பிடிக்காது, வாரண்டி உண்டு”ன்னு அதுக்குக் கீழேயே போட்டிருந்தது. பணம் முழுசும் முன்னாடியே கட்டினாத்தான் ஆள் வருவார். கட்டினோம்.

வந்தவர் பேசினதைக் கேட்டிருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க. பாத்டப்பும் சுவரும் சேர்ற இடத்துல பழைய வெள்ளை சிமெண்ட் விரிசல் விட்டிருந்தது. அதை விரலால தட்டிக் காட்டி அப்பாகிட்ட சொன்னார்: “ஐயா, இந்த இடத்துல சிமெண்ட் நிக்காது. டப்புல தண்ணி ரொம்பி ஆளும் உட்கார்ந்தா டப் கொஞ்சம் இறங்கும். சுவர் இறங்குமா? நடுவுல இழுத்தா இழுபடுற பொருள்தான் வேணும். சிலிக்கான்தான் போடணும்.” சொன்னது அத்தனையும் உண்மை. அசையுற இடுக்குல சிமெண்ட்டோ, டைல்ஸ் இடுக்குல அடைக்கிற கிரௌட்டோ கட்டாயம் விரிசல் விடும். அப்பா என் பக்கம் திரும்பி, “தொழில் தெரிஞ்ச பையன்மா”ன்னு சொன்னார். அவருக்கு யாரையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. என்னால பொறுத்துக்க முடியாதது இதுதான்: அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே மாத்திப் போட்டார்.

வேலையும் பார்க்க அழகாத்தான் இருந்தது. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, ட்யூபை மாட்டி அழுத்துற கன்னால ஒரே சீரா இழுத்து, ஈர விரலால தடவிவிட்டார். வாடையே இல்லை. கையை வெறும் தண்ணியில கழுவினார், சுத்தமா போயிடுச்சு. “சாயங்காலமே குளிங்க ஐயா, ஒண்ணும் ஆகாது”ன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்.

சில வாரத்துலயே அந்தக் கோடு உள்வாங்க ஆரம்பிச்சுது. அப்புறம் வத்திப்போன குளத்து மண் மாதிரி குறுக்கே குறுக்கே வெடிப்பு. வெடிப்புக்குள்ள தண்ணி, தண்ணி நின்ன இடமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. வாஷ்பேசின் பின்பக்கம் இறங்கின தண்ணியில கீழ இருந்த அலமாரிப் பலகை உப்பிக் கதவே மூடல.

அவர் விட்டுட்டுப் போன குப்பைப் பையில காலி ட்யூப் கிடைச்சுது. முன்பக்கம் கொட்டை எழுத்துல “சிலிக்கான்”. அதுக்குப் பக்கத்துல கண்ணுக்கே தெரியாத அளவுல “கலந்தது”. பின்பக்கம் திருப்பினா “அக்ரிலிக் லேட்டக்ஸ்”, “தண்ணியில கழுவலாம்”, “மேலே பெயிண்ட் அடிக்கலாம்”, “தண்ணி நிக்கிற இடத்துக்கு வேண்டாம்”. அச்சடிச்சே இருக்கு! அக்ரிலிக்ல பேருக்குக் கொஞ்சம் சிலிக்கான் சேர்த்த சரக்கு அது. தண்ணி கலந்த பொருள், அந்தத் தண்ணி ஆவியாகித்தான் காயும், அதனாலதான் சுருங்குது. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்குக்குப் போட்டுப் பெயிண்ட் அடிக்க நல்ல பொருள்தான், அங்க நான் குறை சொல்ல மாட்டேன். அசல் சிலிக்கான் அப்படிக் காயறதில்லை. காத்துல இருக்கிற ஈரத்தோட வினைபுரிஞ்சு இறுகும், சுருக்கம் ரொம்பக் குறைவு. கையில பட்டா வெறும் தண்ணிக்குப் போகாது. அதுமேல பெயிண்ட்டும் நிக்காது.

இனிமேல்தான் அசல் கொடுமை. ஆப்ல புகார் போட்டேன். “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்”னு ஒரு பதில். போட்டோ கேட்டாங்க, அனுப்பினேன். அடுத்து வேற பேர்ல ஒருத்தர் வந்து முதல்லேர்ந்து சொல்லச் சொன்னார், மறுபடியும் போட்டோ. அதுக்கடுத்து வந்தவர், வாரண்டி வேலைக்குத்தான், பொருளுக்கு இல்லைன்னார். பொருளுக்கும் சேர்த்துத்தானே 18,000 வாங்கினீங்கன்னு கேட்டா, பொருள் எங்க பார்ட்னரோட பொறுப்பாம். பார்ட்னருக்குப் போன் பண்ணினா, “மேடம், ஆப்லயே பேசிக்கோங்க.” ட்யூப் படத்தை அனுப்பினதுக்கு, அது எங்க ஆள் கொண்டுவந்ததுங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேள்வி. நீங்க ஆசிட் ஊத்திக் கழுவியிருப்பீங்கன்னு இன்னொருத்தர். அப்பா பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தார், பேசவே இல்லை.

ரொம்பக் கத்தினப்புறம் இலவசமா சரிபண்ணித் தர்றோம்னு இன்னொரு ஆளை அனுப்பினாங்க. அவர் அசல் சிலிக்கான்தான் கொண்டுவந்தார். ஆனா பழசைச் சுரண்டவே இல்லை, ஈரத்தைக்கூடத் துடைக்கல, அந்த வெடிச்ச அக்ரிலிக் மேலயே அடிச்சுட்டார். வீடு பூரா வினிகர் வாடை. அது அசிட்டாக்ஸி வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். டைல்ஸுக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் பரவாயில்லை. மார்பிளுக்கு ஆகவே ஆகாது, மார்பிள் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டா அரிக்கும். முகம் பார்க்கிற கண்ணாடியோட ஓரத்துலயும் படக்கூடாது, பின்பக்கப் பூச்சை அரிச்சுடும். இவர் மார்பிள் மேடையைச் சுத்தியும் அடிச்சார், கண்ணாடி ஓரத்துலயும் அடிச்சார். இப்போ மேடையில பளபளப்பு போன தடம், கண்ணாடி ஓரத்துல கறுப்புத் திட்டு. பாத்டப் ஓரத்துல அடிச்சது பட்டையா உரிஞ்சு கையோட வருது.

கேட்டதுக்கு அவர் சொன்ன பதில்: “சிலிக்கான் வேணும்னு கேட்டீங்க, சிலிக்கான் போட்டாச்சு.”

ஆப்ல அன்னைக்கே புகார் “தீர்க்கப்பட்டது”ன்னு மாறிடுச்சு. மறுசேவை கொடுத்தாச்சாம், அதனால பணம் திரும்பக் கிடைக்காதாம். 18,000 முழுசும் போச்சு. அலமாரிப் பலகையும் மார்பிள் பாலீஷும் அதுக்கு மேல.

விவரமா எழுதறேன்னு ஆரம்பிச்சேன், இப்போ அந்தப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்றேன். “சிலிக்கான்”ங்கிற ஒரு வார்த்தையை நம்பாதீங்க, ட்யூபைத் திருப்பிப் பாருங்க. தண்ணியில கழுவலாம்னு இருந்தா அது தண்ணி புழங்குற ஓரத்துக்கு இல்லை. அமெரிக்கத் தரக் குறி ஏ.எஸ்.டி.எம். சி 834ன்னு இருந்தா லேட்டக்ஸ் வகை, சி 920ன்னு இருந்தா நல்லா இழுபடுற வகை. ஐரோப்பியத் தரக் குறி போட்டிருந்தா இ.என். 15651-3ன்னு பாருங்க, அந்த 3ஆம் பகுதிதான் குளியலறை மாதிரி ஈரமான இடங்களுக்கானது. பூஞ்சைத் தடுப்பு சேர்த்த சானிட்டரி சிலிக்கான்னு கேட்டு வாங்குங்க. மார்பிள், முகம் பார்க்கிற கண்ணாடி, பித்தளை பக்கத்துல நியூட்ரல் க்யூர், அதாவது இறுகும்போது அந்த அமிலத்தை விடாத வகை, மட்டும்தான். காலாவதித் தேதி தாண்டினது ஒழுங்கா இறுகாது, பிசுபிசுன்னே கிடக்கும்.

பழசை முழுசாச் சுரண்டாம மேலேயே அடிக்கிறவரை அப்பவே நிறுத்துங்க. பழைய சிலிக்கான் மேல புது சிலிக்கான்கூட ஒழுங்கா ஒட்டாது. பாத்டப்புன்னா தண்ணி ரொப்பி வெச்சுட்டு அடிக்கணும், இறுகினப்புறம்தான் தண்ணியைத் திறந்து விடணும். அன்னைக்கே குளிக்கலாம்னு எவர் சொன்னாலும் ட்யூப்ல என்ன நேரம் போட்டிருக்குன்னு பாருங்க. சாதாரண சிலிக்கானுக்கு 24 மணி நேரமாவது விடணும், மேல்தோல் சீக்கிரம் காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ளே ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இறுகும். கமோடு அடியில பின்பக்கம் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க, உள்ளே கசிஞ்சா வெளியே தெரியணும்.

வேலை முடிஞ்சதும் ஓ.டி.பி. கேட்பாங்க. ட்யூபை அந்த ஆள் கையிலேயே பிடிக்கச் சொல்லி முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுக்காம அந்த நம்பரைக் கொடுக்காதீங்க.