கூரைக்குள் எட்டு ஆண்டுகள்: தகர டக்டும் ஃபிளெக்ஸ் டக்டும்

வீடு கட்டியபோது தரைக் கல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் அலைந்தவன் நான். ஏசியின் குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாயான டக்டுக்கு அரை மணி நேரம் கூட ஒதுக்கவில்லை. ஃபால்ஸ் சீலிங் மூடிய பிறகு யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்தான். எட்டு ஆண்டுகளில் அந்தச் சீலிங்கை மூன்று முறை பிரித்துவிட்டேன். தரைக் கல்லைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்களுடையது 3 டன் மைய ஏசி. நடுக்கூடத்தின் மேலே துத்தநாகப் பூச்சுத் தகட்டில் செய்த சதுர டக்ட் ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஃபிளெக்ஸ் டக்ட் பிரிகிறது. கம்பிச் சுருளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே பளபளக்கும் உறை: ஃபிளெக்ஸ் என்பது இவ்வளவுதான். பெட்டிக்குள் சுருங்கிக் கிடக்கும், இழுத்தால் நீளும். போட வந்தவர், "இது எப்படி வேண்டுமானாலும் வளையும் சார், உத்திரம் குறுக்கே வந்தாலும் கவலையில்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. எங்களுக்கு வினையானதும் அந்த வளைவுதான்.

இரண்டாவது கோடையிலேயே கடைசிப் படுக்கையறை குளிரவில்லை. வாயுவைச் சோதித்தார்கள், காற்றைக் குளிர்விக்கும் காயிலைக் கழுவினார்கள், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் விளக்குக்காக வெட்டிய ஓட்டை வழியாக டார்ச் அடித்து நானே பார்த்தேன். உள்ளே ஃபிளெக்ஸ் டக்ட் தூளி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடியில் முடிய வேண்டிய பாதைக்குப் பதினைந்தடிக் குழாயை வெட்டாமல் அப்படியே திணித்திருந்தார்கள். உத்திரத்தைத் தாண்டும் இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றால் கட்டியிருந்ததால், குழாயின் இடுப்பை யாரோ கையால் பிடித்து நெரித்ததுபோல் இருந்தது.

அதன் பிறகுதான் கணக்குப் படித்தேன். ஃபிளெக்ஸ் டக்டின் அட்டவணையில் போட்டிருக்கும் காற்றளவு, குழாயை முழுவதும் இழுத்துப் போட்டால் மட்டுமே கிடைக்கும். 15 சதவீதம் சுருங்கிக் கிடந்தால் உட்சுவர் மடிப்பு மடிப்பாகி, காற்றுக்கு ஏற்படும் தடை இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ கூடிவிடும். குறுகலும் அப்படித்தான். அதே அளவு காற்றை 8 அங்குலக் குழாய்க்குப் பதிலாக 6 அங்குலத்தில் தள்ளினால் தடை நான்கு மடங்குக்கும் மேல் ஏறும். ஏசியின் ஒரு டன் குளிர்திறனுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது பொதுவான கணக்கு. அந்தக் காற்று வழியில் திணறினால் எந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நாங்கள் ஒரு கோடை முழுவதும் அதைத்தான் செய்தோம்.

மூன்றாம் ஆண்டு அதே அறையின் சீலிங்கில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை. மாடிக் குழாய் கசிகிறது என்று நினைத்துப் பிளம்பரை அழைத்தோம். சீலிங்கைப் பிரித்தபோது தண்ணீர்க் குழாய் காய்ந்துதான் இருந்தது, ஃபிளெக்ஸின் வெளி உறைதான் ஆணி ஒன்றில் மாட்டிக் கிழிந்திருந்தது. வெளிக்காற்று 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், 24 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே அது தண்ணீராகத் துளிர்க்கும். டக்டுக்குள் ஓடுவதோ 13, 14 டிகிரிக் காற்று. கிழிசல் வழியே போன ஈரம் பஞ்சில் ஊறி, பஞ்சு கல்லாகக் கனத்து, குழாய் இன்னும் தொய்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. பஞ்சைப் பிழிந்தேன். துணியைப் பிழிவதுபோல் நீர் வந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. தகர டக்டின் இணைப்புகளில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துணி டேப் காய்ந்த மரப்பட்டை மாதிரி உரிந்து நின்றது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. டக்ட் டேப் என்று பெயர் வைத்துக்கொண்டு டக்டுக்கே உதவாத பொருள் அது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998இல் பல அடைப்புப் பொருள்களைச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது மோசமாகத் தோற்றது இந்தத் துணி டேப்தான். இப்போது எல்லா இணைப்பிலும் பிரஷ்ஷால் மாஸ்டிக் பசை தடவியிருக்கிறது. போட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன, ஓரிடத்திலும் விரிசல் இல்லை. அடைத்த அன்று மாலையே அறைகளில் காற்று வெளிவரும் கிரில்களில் வேகம் கூடியது காதுக்கே தெரிந்தது. அதுவரை சீலிங்குக்கு மேலே வாழும் பல்லிகளுக்கு ஏசி போட்டிருக்கிறோம்.

நான்காம் ஆண்டு, மூன்று அறைகளின் ஃபிளெக்ஸை எடுத்துவிட்டு வட்டத் தகரக் குழாய் போட்டேன். கிரில்லுக்கு முன்னால் கடைசி மூன்றடி மட்டும் ஃபிளெக்ஸ். வட்டம் ஏன் என்றால், ஒரே அளவு காற்றுக்குச் சதுரத்தைவிட வட்டத்தில் சுவர்ப் பரப்பு குறைவு, உராய்வும் குறைவு. உயரம் இல்லாத இடத்தில் சதுரமாகத்தான் போயாக வேண்டும். நடுக்கூடத்தில் எங்களுக்கு வேறு வழியில்லை.

தகரம் குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். எந்திரம் நின்று டக்ட் சூடேறும்போது அகலத் தகடு 'டொம்' என்று புடைக்கும். முதல் வாரம் இரவு இரண்டு மணிக்கு மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். தகட்டில் மூலைக்கு மூலை குறுக்கு மடிப்பு வைத்தால் இது பெரிதும் அடங்கும், செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும். விசிறியின் அதிர்வும் தகரத்தில் பாடிக்கொண்டே வரும். எந்திரத்துக்கும் டக்டுக்கும் நடுவே கித்தான் இணைப்பு ஒன்று தைத்து மாட்டிய பிறகு அது நின்றது. சத்தத்தை விழுங்குவதில் ஃபிளெக்ஸ் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். கடைசி மூன்றடியை விட்டுவைத்ததும் அதற்காகத்தான்.

மைத்துனர் வீட்டில் கண்ணாடி இழைப் பலகையிலேயே டக்ட் செய்திருக்கிறார்கள். அமைதி என்றால் அப்படியோர் அமைதி. ஆனால் ஒருமுறை நனைந்த பகுதியில் பூஞ்சை பிடித்து, துடைக்கவும் முடியாமல், பிரஷ் போட்டுத் தேய்த்தால் இழை பெயரும் என்பதால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்தார்கள். தகரத்தின் உள்ளே பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யலாம். அறைக்கு அறை தூசி தும்மல் இருக்கும் எங்கள் குடும்பத்துக்கு அதுவே பெரிய காரணம்.

இத்தனை செய்தும் விடுபட்டுப்போனது திரும்பும் காற்றின் பாதை. படுக்கையறைக் கதவை மூடினால் உள்ளே போன காற்று வெளியே வர இடமில்லை, கதவிடுக்கில் விசில் அடிக்கும். ஆறாம் ஆண்டுதான் கதவுக்கு மேலே ஒரு கிரில் வைத்தோம். டக்ட் எந்த வகை என்று மாதக்கணக்கில் விவாதித்தோமே தவிர, இதை ஒருவரும் எழுப்பவில்லை, நானும்தான்.

இன்று புதிதாகப் போடுவதென்றால், கை எட்டாத இடம் முழுவதும் தகரம், ஒவ்வொரு கிளையிலும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு டேம்பர், இணைப்பெல்லாம் மாஸ்டிக் என்று கேட்பேன். ஃபிளெக்ஸ் போட்டே ஆக வேண்டிய இடத்தில் நான்கடிக்கு ஒரு தாங்கு பட்டை, பட்டைக்கு ஒன்றரை அங்குல அகலம், அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு கூடாது என்று சொல்லிவிட்டு, சீலிங் மூடும் முன் ஏணி போட்டு நானே பார்ப்பேன். பார்க்க ஒரு திறப்பும் விட்டுவைப்பேன்.

படிப்பறைக்குப் போகும் ஃபிளெக்ஸை மட்டும் நான் மாற்றவில்லை. ஐந்தடி நேர்ப்பாதை, போட்டவர் அன்று நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும், இழுத்து வெட்டியிருக்கிறார். எட்டு ஆண்டுகளாக ஒரு சொட்டு இல்லை, ஒரு சத்தம் இல்லை. அந்த அறைதான் வீட்டிலேயே முதலில் குளிர்கிறது.