கிளெரிக்காக ஆடிப் பார்த்ததில்: விழுந்த பிறகுதான் வைத்தியம்

பெங்களூரு அல்சூரில், நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம்; பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டம். விதிப் புத்தகம் ஆங்கிலம், ஆட்டமெல்லாம் தமிழ். சில வருடங்களாக நான்தான் கிளெரிக், அதாவது கூட்டத்துக்கு வைத்தியர். 2014 விதிகளில் தொடங்கி இப்போது 2024 திருத்தத்துக்கு வந்திருக்கிறோம்.

2014 விதியில் முதல் நிலையிலேயே காயம் ஆற்ற இரண்டு மந்திரங்கள் உண்டு. க்யூர் வூண்ட்ஸ் போட்டால் எட்டுமுகப் பகடை ஒன்று, கூடவே திறன் போனஸ். ஆனால் ஆளைத் தொட வேண்டும், அந்தச் சுற்றின் முக்கியச் செயலான ஆக்‌ஷன் போய்விடும். ஹீலிங் வேர்டுக்கு நான்குமுகப் பகடைதான். ஆனால் 60 அடி தள்ளி நின்றே, சுற்றின் கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனில் போட்டுவிடலாம். படிக்கும்போது முதலாவதுதான் பெரிதாகத் தெரியும். ஆடும்போது ஹீலிங் வேர்டைத் தவிர வேறெதுவும் கைக்கு வராது.

ஏனென்றால் உயிர்க்கணக்கான ஹிட் பாயிண்ட்டில் 1 மட்டும் வைத்து நிற்பவரும் 40 வைத்திருப்பவரும் ஒரே பலத்தோடுதான் அடிக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே கணக்கும் கிடையாது. 3 பாயிண்ட்டில் நிற்பவர் மேல் 15 டேமேஜ் விழுந்தால், ஒரே அடியில் சாகிற அளவு பேரடி இல்லையென்றால், மீதி 12 காற்றோடு போச்சு. விழுந்து கிடக்கையில் பிழைப்பாரா என்று உருட்டும் டெத் சேவ் பகடையின் தோல்விகளும் எழுந்ததும் அழிந்துவிடும். அப்புறம் எதற்கு முன்கூட்டியே மருந்து? விழட்டும், எழுப்பிக்கொள்ளலாம். ஓக்ர் என்ற ராட்சதனோடு ஒரு சண்டையில் எங்கள் முன்வரிசை வீரர் பார்பேரியன் விழுவதும் எழுவதுமாகவே இருக்க, ஆட்டத்தை நடத்தும் டிஎம் அலுத்துப் போய், "ஏன்க்கா, இது பார்பேரியனா, தஞ்சாவூர் பொம்மையா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே வீட்டு விதி வந்தது: பூஜ்யத்தைத் தொட்டால் ஒரு படி சோர்வு. 2014 கணக்கில் மூன்றாவது படியிலேயே எல்லாத் தாக்குதலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும்), ஆறாவதில் சாவு. ஒரு லாங் ரெஸ்டுக்கு, அதாவது ஓர் இரவு ஓய்வுக்கு, ஒரு படிதான் குறையும். பயம் வந்தது உண்மை. ஆனால் அடிபட்டதெல்லாம் முன்வரிசைதான். பின்னால் நின்று அம்பு விட்டவருக்கு ஒரு சோர்வும் இல்லை! இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இதை விதிக்குள்ளேயே வைத்திருக்கிறது. அங்கே விழுந்து எழுந்தவர் 'வூண்டட்', அதாவது காயம்பட்டவர், ஆகிறார். மறுபடி விழும்போது சாவுக்கு ஒரு படி நெருக்கமாகத்தான் விழுவார். எனக்கு அந்த ஏற்பாடு இன்னும் பிடித்திருக்கிறது.

2024 திருத்தத்தில் க்யூர் வூண்ட்ஸுக்கு எட்டுமுகம் இரண்டு, ஹீலிங் வேர்டுக்கு நான்குமுகம் இரண்டு. போனஸ் 3 என்றால் க்யூர் வூண்ட்ஸ் சராசரி 12. முன்பு ஏழரைதான். ஓக்ரின் கதாயுதம் ஒருமுறை இறங்கினால் டேமேஜ் சராசரி 13. ஆக, ஒரு மந்திரம் ஏறக்குறைய ஓர் அடியை ஈடுகட்டுகிறது. இப்போதெல்லாம் ஆள் விழுவதற்கு முன்பே ஓடிப்போய்த் தொடுகிறேன். சோர்வும் ஒரு படிக்கு பகடையில் 2 குறைவதாக எளிதாகிவிட்டது. அதனால் வீட்டு விதியை நீக்கவில்லை, முன்வரிசையும் முணுமுணுப்பதில்லை.

பழைய தந்திரம் முழுதாக ஒழியவில்லை. மந்திரம் போடும் வாய்ப்புகளான ஸ்லாட் தீரும் நேரத்தில் இன்றும் ஹீலிங் வேர்டுதான். ஐந்தாம் நிலையில் செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரம் கிடைத்தது; செத்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 தங்கக்காசு பெறுமான வைரத்தை மந்திரமே விழுங்கிவிடும். வைரக் கடை எங்கே என்று கேட்டால், "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்கிறார் டிஎம். நாங்களும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.